இருப்பில் ஒன்று கூடுதல்

ஸ்டோர்ஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே,

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்காது. கடற்கரைக் குப்பத்தில் படகுகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தவன், தாம்பரத்துக்கு வந்து நம் பல்கலைக்கழகத்தில் தினக்கூலியாக நுழைந்தேன். முப்பத்தொரு வருடம் கழித்து வெளியே வரும்போது, இந்த வளாகத்தில் நம்பர் இல்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. துணைவேந்தர் உட்காரும் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், என் எழுத்து இருக்கும். மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கும். பட்டமளிப்பு விழா மேடையின் ஒவ்வொரு பலகையிலும் இருக்கும்.

துறைக்காரர்கள் ஒரே நாற்காலிகளைப் பின்படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடி, அடுத்த மாடியில் போட்டு மறுபடியும் எண்ண வைப்பார்கள். அதைக் கண்டுபிடித்து, எண்ணிய நாற்காலிக்கெல்லாம் சாக்பீஸ் கோடு போட்டு நிறுத்தியவன் நான். பெரிய வெள்ளம் வந்த வருடம், ஊறிப்போன இருப்புப் பதிவேடுகளை மொட்டைமாடியில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தவன் நான். இன்று நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்களே, அவை நான் காயவைத்த பக்கங்கள்.

வருடா வருடம் பல்கலைக்கழகம் ஓர் ஆண்டறிக்கை போடுகிறது. முன்பாதியில் சாதனைகள்: எத்தனை பேர் முனைவர் ஆனார்கள், எந்த ஆய்வுக்கு யார் பணம் தந்தார்கள், எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டோம். பின்பாதியில் கணக்கு. முன்பாதியை எல்லோரும் படிப்பார்கள். பின்பாதியில் ‘அசையும் சொத்துகள்’ என்று ஒரே ஒரு வரி வரும். அந்த வரி என்னுடையது. அது சரியாக இல்லாவிட்டால் கணக்கு முடியாது. கணக்கு முடியாவிட்டால் அரசு மானியம் வராது. மானியம் வராவிட்டால் முன்பாதி ஏது?

என்னை வேலைக்கு எடுத்த பழைய ஸ்டோர்கீப்பர் எனக்குச் சொன்னது மூன்றே வரி. "பாத்தா டிக்கு போடு. பாக்கலன்னா வட்டம் போடு. பாத்த மாதிரி கீதுன்னா பேனாவ மூடிக்கினு வூட்டுக்குப் போ." மூன்றாவது வரியை நான் ஒருமுறை மறந்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், மார்ச் மாதம். ஒரு துறையின் பொருட்களை வேறு துறை ஆள் வந்து எண்ண வேண்டும் என்பது நம் வழக்கம். விலங்கியல் துறையை எண்ண வணிகவியலில் இருந்து ஓர் இளம் உதவிப் பேராசிரியர் வந்தார். கையில் பதிவேடு, காதில் பேனா. நான் பக்கத்தில் நின்று பொருளைக் காட்டுவேன், அவர் டிக் போடுவார். விலங்கியல் துறைத் தலைவர் மேடத்துக்கு அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு. எண்ணிக்கை சரி என்று சான்று கொடுத்தால்தான் ‘பாக்கி ஏதும் இல்லை’ என்ற தாள் கிடைக்கும், அந்தத் தாள் இருந்தால்தான் பென்ஷன் காகிதம் நகரும். சிட்லபாக்கத்தில் மேடத்தின் வீட்டுக்காரர் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. பென்ஷன் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் வீட்டுக்கு வரும் நர்ஸை நிறுத்த வேண்டியதுதான். இது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஆய்வகத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நூற்று நாற்பத்தேழாம் எண், மனித எலும்புக்கூடு, ஒன்று. கூரைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பில் நம்பர். டிக்.

பின்னறைக்குப் போனோம். கூடுவாஞ்சேரியில் நமக்கு ஒரு படிப்பு மையம் இருந்தது. அதை மூடிவிட்டு, அங்கிருந்த சாமான்களை மினி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சாக்குத் துணி சுற்றி அப்படியே கிடந்தது. அவர் ஒரு சாக்கை விலக்கினார். பிறகு அப்படியே நின்றார்.

"அண்ணா, எலும்புக்கூடு ஒன்னுதானே?"

"ஒன்னுதான் சார். இப்பதான டிக்கு போட்டீங்க."

"இங்க இன்னொன்னு இருக்கு."

"மையத்துல இருந்து வந்திருக்கும் சார். நம்பர் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "நூத்தி நாப்பத்தேழு."

நான் போய்ப் பார்த்தேன். நூற்று நாற்பத்தேழு. என் எழுத்து. கடலில் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் ஏழும் ஒன்றுபோலத் தெரியும் என்று ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவோம். என் நாலு, பாய் விரித்த மாதிரி ஒரு பக்கம் உப்பி நிற்கும். வேறு யாராலும் அப்படி எழுத முடியாது. ஆய்வகத்துக்குத் திரும்பி ஓடி, தொங்குவதைப் பார்த்தேன். அதிலும் அதே நாலு, அதே ஏழு.

இரண்டு எலும்புக்கூடு. ஒரே நம்பர். இரண்டும் நான் எழுதியது. ஒன்றை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதினேன். இரண்டாவதாக ஒரு எலும்புக்கூட்டுக்கு எழுதிய நினைவே இல்லை.

தம்பிகளே, பொருள் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். சம்பளத்தில் பிடிப்பார்கள், அல்லது தள்ளுபடி எழுதுவார்கள். கூடினால்? படிவத்தில் ‘கூடுதல்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. முப்பது வருடத்தில் அதில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அன்று மதியத்துக்குள் கேன்டீன் வரைக்கும் பேச்சு போய்விட்டது. மேடம் பில் இல்லாமல் எலும்பு வாங்கியிருக்கிறார் என்றார்கள். எல்லப்பனுக்கு, அதாவது எனக்கு, பணம் கொடுத்து நம்பர் எழுத வைத்தார் என்றார்கள். ஒருவர் என்னிடமே வந்து, ஒரு எலும்புக்கூடு என்ன விலைக்குப் போகும் என்று விசாரித்தார்.

நிதி அலுவலர், மேடத்தையும் என்னையும் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. பத்து நாளில் ஆட்சிமன்றக் கூட்டம், கணக்கு அச்சுக்குப் போக வேண்டும், தலைக்கு மேல் வேலை. வழி அவரே சொன்னார். தெரிந்த ஒருவர் துறைக்கு நன்கொடையாகக் கொடுத்தார் என்று மேடம் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். ஒன்றின் நம்பரை அழித்துவிட்டுப் புது நம்பர் போட வேண்டும். சொத்து ஒன்று கூடும், யாருக்கும் நஷ்டம் இல்லை, மேடத்தின் காகிதம் அன்றைக்கே நகரும்.

மேடம் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் மறுநாள் புது நம்பர் எழுத வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை பதினோரு மணி, நல்ல வெயில். பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஆய்வகத்துக்குப் போனேன். வாசலில் அம்சா துடைப்பத்தோடு நின்றாள். அந்தக் கட்டடத்தைப் பெருக்குகிறவள். உள்ளே தனியாகப் போகமாட்டாள், நான் வரட்டும் என்று காத்திருந்தாள்.

அவளுக்கும் எனக்கும் இது பழைய சண்டை. தொங்குகிற எலும்புக்கூடு எப்போது பார்த்தாலும் மேற்கே திரும்பி நிற்கிறது என்பாள். "நான் வாசப்பக்கம் திருப்பி வச்சிட்டு டீ குடிக்கப் போறேண்ணா. வந்து பாத்தா மறுபடியும் மேற்கதான் பாத்துக்கினு கீது." நைலான் கயிறு முறுக்கிக்கொள்ளும் அம்மா என்பேன் நான். பேய்க்கு வேறு வேலை இல்லையா, வேலை கேட்டு யூனிவர்சிட்டிக்கு வருமா என்று கிண்டல் செய்வேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "உனக்கு இன்னாண்ணா. நம்பர் போட்டுட்டா உனக்கு எல்லாமே மேசை நாற்காலிதான்" என்றாள்.

பின்னறையில் இருந்ததைக் கொண்டுவந்து, தொங்குவதன் பக்கத்தில் நிறுத்தினேன். முதல்முறையாக இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

கூடுவாஞ்சேரியில் இருந்து வந்தது வெள்ளை. கடையில் வாங்கியது என்று பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு எலும்பிலும் சுத்தமாகத் துளை போட்டு, பித்தளைக் கம்பி கோத்து, இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியிருந்தது. ஆய்வகத்தில் தொங்கியது தேநீர் நிறம். கொஞ்சம் குட்டை. துளையே கிடையாது. கம்பியும் கிடையாது. மூட்டுக்கு மூட்டு நைலான் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுத்தான் நின்றது.

அந்த முடிச்சைப் பார்த்தேன். வலை முடிச்சு. வலை அறுந்தால் எங்கள் குப்பத்தில் போடுவது. எல்லோருக்கும் முடிச்சு வலப்பக்கம் திரும்பும். நான் இடது கைக்காரன், என் முடிச்சு மட்டும் இடப்பக்கம் திரும்பும், அதற்காக அப்பாவிடம் நிறைய அடி வாங்கியிருக்கிறேன். என் கண் முன்னால் இருந்த முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் திரும்பியிருந்தன. கழுத்தில் இருந்து கணுக்கால் வரைக்கும்.

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அது பார்க்கிற பக்கம் நானும் பார்த்தேன். மேற்கு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வளாகத்தின் மதில். மதிலில் ஓர் இருபதடி மட்டும் புதுச் சிமென்ட், வெள்ளத்தில் இடிந்து மறுபடி கட்டியது. அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் ஊர் இடுகாடு.

அந்தப் புதுச் சிமென்ட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள். தரைத்தளம் முழுக்கச் சேறு. ஆய்வகத்தின் இரும்பு கேட்டில் வந்து அடைத்த குப்பையை நான் வாரிக்கொண்டிருந்தேன். கிளைகள், பிளாஸ்டிக், ஒரு செருப்பு, அதற்கடியில் ஒரு துணி மூட்டை. பிரித்தால் எலும்பு. எனக்குப் பயமே வரவில்லை. ஏன் வரவில்லை? பதிவேட்டில் ‘மனித எலும்புக்கூடு, ஒன்று’ என்று இருக்கிறது. ஆய்வகத்தில் அது காணவில்லை. இதோ சேற்றில் கிடைக்கிறது. கம்பி அறுந்துவிட்டது, ஸ்டாண்டு அடித்துக்கொண்டு போய்விட்டது, நம்பர் கழுவிப்போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உண்மையில் வெள்ளத்துக்கு முன்பே அப்போதைய துறைத் தலைவர் எங்கள் எலும்புக்கூட்டைக் கூடுவாஞ்சேரிக்கு இரவல் கொடுத்திருந்தார். அந்த இரவல் சீட்டு மேசையின் கீழ் இழுப்பறையில் கூழாகிப் போனது. கொடுத்தவரும் அடுத்த வருடம் காலமானார். வேறு யாருக்கும் தெரியாது.

குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொரு எலும்பாகக் கழுவினேன். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தேன். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கிக் கட்டினேன். மூன்று நாள் சரியான தூக்கம் இல்லை, ஆனால் ஒரு எலும்புகூட இடம் மாறவில்லை. வலது கை விரல்கள் கிடைக்கவில்லை, ‘வெள்ளத்தில் சேதம்’ என்று குறித்தேன். சுற்றியிருந்த துணி தூசிக்கு மூடும் உறை என்று நினைத்து, அதையும் துவைத்துக் காயவைத்து, ‘உறை ஒன்று’ என்று அதற்கும் நம்பர் போட்டேன். ஆறு வருடம் அந்தத் துணியால்தான் மூடினோம்.

அந்த வேலைக்கு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த வருட ஆண்டறிக்கையில், சாதனைகள் பகுதியில், வெள்ளத்தில் மீட்ட பொருட்கள் என்று ஒரு பக்கம் வந்தது. ஒரு முக்கிய விருந்தாளி எலும்புக்கூட்டின் தோளில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் படம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தது என் விரல்.

வெயில் ஜன்னல் வழியாக நேராக அதன் வாயில் விழுந்தது. பல்லில் காவி. நாள் தவறாமல் வெற்றிலை போட்டவர்களுக்கு இருக்கும் காவி. எங்கள் அம்மாவுக்கு இருந்தது.

துறைத் தலைவர் அறைக்குப் போனேன். மேடம் மேசையில் நன்கொடைக் கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்சம் வந்து பாருங்கள் என்றேன்.

மேடம் வந்து இரண்டையும் பார்த்தார். தொங்குவதன் தோள்மூட்டில் விரலை வைத்துத் தடவினார். "துளை இல்லையே" என்றார். பிறகு இடது முன்கையைத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டினார். ஒரு பழைய முறிவு, கோணலாகக் கூடியிருந்தது. "நாட்டுக் கட்டுப் போட்டு ஆறியிருக்கு. இத நான் மாணவர்களுக்குக் காட்டியிருக்கேன் எல்லப்பன். முறிவு எப்படிக் கூடும்னு. ஆனா துளை இல்லைன்னு ஒரு நாள்கூடப் பாக்கல."

நான் வெள்ளத்தையும், துணியையும், மதிலையும் சொன்னேன். எதற்கு என்று தெரியாமல் பதிவேட்டைப் பிரித்து அந்த வரியைப் படித்தேன். "நூத்தி நாப்பத்தேழு. மனித எலும்புக்கூடு, அடைப்புக்குறிக்குள்ள ஆண், ஒன்று."

"என்ன படிச்சீங்க?"

"ஆண், ஒன்று."

மேடம் இடுப்பெலும்பைக் காட்டினார். என் நம்பர் இருக்கிற இடம். "இது பொம்பளை. இடுப்பு அகலத்தப் பாருங்க. உங்க நம்பருக்குப் பக்கத்துலதான் குச்சி வச்சுக் காட்டுவேன். பெண்ணோட இடுப்பெலும்பு இப்படித்தான் இருக்கும்னு, நாலு வருஷமா."

ஆறு வருடமாக நான் ஆண் என்று டிக் போட்டேன். அதே அறையில் மேடம் பெண் என்று பாடம் நடத்தினார். பாடம் நடத்துகிறவர்கள் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. பதிவேட்டுக்காரன் பொருளைப் பார்ப்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த அம்மா தொங்கிக்கொண்டிருந்தாள்.

ஃபேன் ஓடவில்லை, ஜன்னலில் காற்று இல்லை. நைலான் கயிறு மட்டும் மெதுவாகத் திரும்பியது. மேடம் கை பட்டதால் வாசல் பக்கம் திரும்பியிருந்தது, எங்கள் கண் முன்னால் மேற்கே போய் நின்றது. முறுக்குத்தான். நான் கட்டிய கயிறு, எனக்குத் தெரியாதா? ஆனால் இரண்டு பேருமே ஓரடி பின்னால் நகர்ந்தோம்.

அறைக்குத் திரும்பி மேடம் உட்கார்ந்தார். கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு முதல் தேதி பணம் வரணும் எல்லப்பன். அதையும் சொல்லிடறேன், நான் ஒன்னும் தியாகி இல்ல. போலீஸ், விசாரணைன்னு போனா இந்த வருஷம் முழுக்க நிக்கும். வீட்டுல அவருக்குப் படுக்கையிலேயே எல்லாம் பண்ணணும்." திறந்திருந்த பேனாவை மூடினார். "ஆனா நன்கொடைன்னு எழுதினா யாரு கொடுத்தாங்கன்னு எழுதணும். யாரு கொடுத்தா இவங்கள?"

இந்த இடத்தில் புதியவர்களான நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் மேடம் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் பொருள் அவர் பொறுப்பில் இருந்தது. சொல்லாவிட்டால் அந்த அம்மா சொத்துக் கணக்கில் ஏறிவிடுவாள், புது நம்பரோடு, இன்னும் முப்பது வருடத்துக்கு. மேலே பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் இந்த இரண்டு வழிதான் பார்த்தார்கள். மூன்றாவது வழியைப் பார்த்தவன் ஐந்தாம் வகுப்பு.

"மேடம், அந்த வெள்ளத்துல நீங்க துறைத் தலைவரா?"

"இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சுதான் இந்தத் துறைக்கே வந்தேன்."

"அப்ப இதுல நீங்க வர்ற இடமே இல்ல. எலும்ப எடுத்தது நான். கட்டினது நான். நம்பர் போட்டது நான். உங்களுக்கு நம்பரோடதான் கைமாத்திக் கொடுத்தேன். பேப்பர் குடுங்க."

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒன்றரைப் பக்கம், ஒரு மணி நேரம் ஆனது. ஒரு வரியைக்கூட மேடத்தை எழுத விடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, மேடம் கையெழுத்துப் போடாத நன்கொடைக் கடிதத்தோடு சேர்த்து நிதி அலுவலரிடம் கொண்டுபோனேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "யோவ் எல்லப்பன், உனக்கு இன்னும் பதினோரு மாசம்தான் சர்வீஸ் இருக்கு. இத நான் மேல அனுப்பினா உன் பென்ஷன் நிக்கும். புரியுதா?"

"புரியுது சார்."

"அந்த அம்மா யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்பறம் எதுக்குய்யா?"

"நான் கட்டினது சார். என் முடிச்சு."

அவர் நன்கொடைக் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை, அவரும் மனிதர்தானே. என் தாளில் தேதி போட்டு, முத்திரை குத்தி மேலே அனுப்பினார்.

வணிகவியல் சார் படிவத்தில் ‘கூடுதல்’ கட்டத்தை நிரப்ப வந்தார். ‘ஒன்று’ என்று எழுதப் போனவரை நிறுத்தி, ‘ஒருவர்’ என்று எழுதச் சொன்னேன். ஆடிட்டில் கேட்பார்களே என்றார். கேட்கட்டும் சார், நான் பதில் சொல்கிறேன் என்றேன். எழுதினார்.

பிறகு போலீஸ் வந்தது, டாக்டர் வந்தார், பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். பல வருடத்துக்கு முன்பே அடக்கம் செய்யப்பட்ட உடல், கொலை கிலை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள், ஒரு இன்கிரிமென்ட்டை வெட்டினார்கள். மேடத்தின் காகிதத்தில் என் தாளின் நகலை இணைத்தார்கள். ஒரு மாதம்கூடத் தள்ளாமல் அவருக்குப் பென்ஷன் வந்தது. நர்ஸை நிறுத்தவில்லை. என் பென்ஷன் ஒன்பது மாதம் இழுத்தது. அதை நான் சமாளித்தேன், எப்படி என்று உங்களுக்குத் தேவையில்லை.

அந்த அம்மாவைத் திரும்ப அடக்கம் செய்ய அனுமதி வந்த நாளில், முடிச்சுகளைக் கத்தரித்துவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. நான் கட்டியதை நானே அவிழ்த்தேன். கழுத்து, தோள், முழங்கை. நைலான் இறுகிப்போய் நகம் கிழிந்தது. இடுப்பு நம்பரை டர்பன்டைன் போட்டுத் தேய்த்தேன். பெயின்ட் போனது, நிழல் போகவில்லை. நல்ல பெயின்ட், நானே தேர்ந்தெடுத்தது. இன்றும் மண்ணுக்கடியில் அந்த அம்மாவின் இடுப்பில் பல்கலைக்கழகத்தின் நம்பர் என் எழுத்தில் இருக்கிறது. அதை நினைத்தால் சாப்பிடும்போதுகூடக் கை நிற்கும்.

இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், எந்தக் குழி என்று தெரியுமா என்று கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்பா. தண்ணி வடிஞ்சப்ப நாலு குழி தொறந்துகினு இருந்துச்சி. ஜேசிபி வச்சி மூடிட்டாங்க. எவனும் வந்து கேக்கல" என்றார். புதிதாக ஒரு குழி வெட்டினோம். அம்சாவும் வந்திருந்தாள். துவைத்த அந்தத் துணியையே சுற்றிக் கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்து முடிந்து நான் வீட்டுக்கு வந்த பிறகு, போன வருட ஆண்டறிக்கை கைக்குக் கிடைத்தது. முன்பாதியில், நற்பணிகள் என்ற தலைப்பில் ஒரு பத்தி. அடையாளம் தெரியாத ஒருவரின் எலும்புகள் உரிய மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டனவாம். துரித நடவடிக்கை எடுத்த பதிவாளர் பெயர் இருக்கிறது. ஒத்துழைத்த நிதி அலுவலர் பெயர் இருக்கிறது. மேடத்தின் பெயர் இருக்கிறது, அது சரி. கடைசி வரியில், ‘கடைநிலை ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை’ என்று போட்டிருக்கிறார்கள்.

யார் அந்த ஒருவர்? முப்பத்தொரு வருடம் இந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டவனுக்கு ஒரு பெயர் போட இடமில்லையா? அந்த அம்மாவின் பெயர் யாருக்கும் தெரியாது. அதைப் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். என் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, மெமோவில் இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது.

இந்த வருட அறிக்கையைத் தயார் செய்யப் போகிறவர்கள் நீங்கள். உங்களைத்தான் கேட்கிறேன். திருத்தம் என்று ஒரு கட்டம் கட்டி மூன்று வரி போடுங்கள். தவறாகக் கட்டியவர் கு. எல்லப்பன். கண்டுபிடித்துச் சொன்னவர் கு. எல்லப்பன். அவிழ்த்து மண்ணில் வைத்தவர் கு. எல்லப்பன். மூன்றில் ஒன்றை விட்டாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் வரியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் போடுகிறோம் என்று யாராவது சமாதானம் பேச வந்தால், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.